அரளியும் சுண்டெலியும் ஈ.சி.ஜி. தாளும்

அரளியின் நஞ்சு மனிதனின் இருதயத்தைத் தடுமாறச் செய்து நிறுத்திவிட வல்லது. ஆனால் அதே நஞ்சுக்கு ஒரு சுண்டெலியின் இருதயம் அவ்வளவு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. நம் ஊர்ப்புறங்களில் வேலியோரமெல்லாம் பூத்துக் குலுங்கி, சிவபெருமானுக்கு அர்ச்சனைப் பூவாகவும் ஆகிவிட்ட மஞ்சள் அரளி, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து இங்கே வந்து குடியேறிய செடி என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அதன் காயில் விஷம் உண்டு என்பதை அறியாத கிராமவாசியோ தமிழ்நாட்டிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. மனிதனுக்கு எமனாகிற ஒரு பொருள் எலியை ஏன் விட்டுவிடுகிறது என்ற கேள்வி வெறும் வேடிக்கைக்காகக் கேட்கப்படுவதன்று. உலகத்து ஆராய்ச்சிக்கூடங்களில் பாலூட்டிகளுள் மிக அதிகமாகப் பரிசோதனைக்கு ஆளாகும் பிராணி சுண்டெலியே ஆதலால், அதனிடம் நாம் கற்றுக்கொண்டதில் எவ்வளவு நமக்குப் பொருந்தும், எவ்வளவு பொருந்தாது என்று பிரித்தறிய வேண்டிய அவசியம் அந்தக் கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அவ்வாறு பிரித்தறிவதற்குச் சென்ற அறுபது ஆண்டுகளாக ஒரு சாதனம் வளர்ந்து வந்திருக்கிறது. இருதயத்தில் ஓடும் மின்சாரத்தைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி, கணினிக்குள் அதைத் துடிக்கவைத்துப் பார்க்கும் சாஸ்திரமே அது. அந்தச் சாஸ்திரத்துக்கும் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இருதயம் சுருங்குவதற்கு முன்னால் அதன் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் ஒரு மின்துடிப்பு எழுகிறது. சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் கிரமமாகத் திறந்து, முதலில் சோடியம் அயனிகளை உள்ளே விடுகின்றன. அடுத்துக் கால்சியத்தை விடுகின்றன. பின்னர் பொட்டாசியத்தை வெளியேற்றி உயிரணுவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. இந்த வாயில்களின் திறப்பும் அடைப்பும் மின்னழுத்தத்தையும் காலத்தையும் பொறுத்தவை. ஆகையால் அவற்றைச் சமன்பாடுகளாக எழுதிவிடலாம் என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள், கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து, 1952-இல் நிரூபித்தார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஒரே கணினி அச்சமயம் மாற்றியமைக்கப்பட்டு வந்தபடியால், ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றிக் கணக்கிடும் சிறு யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டே அந்தக் கணக்குகளைப் போட்டு முடித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, டெனிஸ் நோபிள் என்ற இளம் ஆராய்ச்சியாளர், லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணினியில் வேறு எவரும் விரும்பாத பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலான நேரத்தைக் கேட்டுப் பெற்று, அச்சமன்பாடுகளை இருதயத்துக்குப் பொருந்துமாறு திருத்தி, கணக்கிலேயே ஓர் இருதய இழையைத் துடிக்கச் செய்தார். ஏழை நாட்டார்களாகிய நாம் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்: இந்தச் சாஸ்திரம் பிறந்தபோது அதற்குத் தேவைப்பட்ட மூலதனம் பொறுமையும் கணித ஞானமும்தான்; கட்டிடங்கள் அல்ல.

நோபிள் தொடங்கிவைத்த வழியில் நாயின் இருதயம், முயலின் இருதயம், கினி எலியின் இருதயம் என்று ஒவ்வொன்றாகச் சமன்பாடுகள் எழுதப்பட்டன. சுண்டெலியின் கீழறை உயிரணுவுக்கு விரிவான கணித மாதிரி ஒன்றை 2004-இல் பாண்டரென்கோவும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து வெளியிட்டார்கள். சுண்டெலிக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் அதன் இருதயத்தின் சிறப்பன்று, அதன் பரம்பரையை மனிதன் இஷ்டம்போல் திருத்தக் கற்றுக்கொண்டதுதான். ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் இருதயத்தில் என்ன நேர்கிறது என்பதை எலியில் பார்ப்பதுபோல வேறு எந்தப் பாலூட்டியிலும் அவ்வளவு சுலபமாகப் பார்த்துவிட முடியாது. பார்த்ததற்கு அர்த்தம் சொல்லவோ, சமன்பாடு வேண்டியிருக்கிறது.

ஏனெனில் எலியின் இருதயம் சிறுத்துப்போன மனித இருதயம் அன்று. மனித இருதயம் நிமிஷத்துக்கு எழுபது முறை துடித்தால், எலியினுடையது ஐந்நூறு, அறுநூறு முறை துடிக்கிறது. நமது கீழறையில் ஒரு மின்துடிப்பு எழுந்து அடங்குவதற்குச் சுமார் 0.3 விநாடி ஆகிறது, எலிக்கு 0.05 விநாடியே அதிகம். நம்முடையதில் கால்சியம் நிதானமாக உள்ளே வந்துகொண்டிருக்க, மின்னழுத்தம் மேட்டு நிலம்போலச் சிறிது நேரம் சமமாக நிற்கிறது. எலியில் அந்தச் சமநிலையே கிட்டத்தட்ட இல்லை, ஏறியவுடன் சரிந்துவிடுகிறது. சரியவைக்கும் பொட்டாசிய வாயில்களும் வேறு. மனிதனில் இந்த வேலையைச் செய்யும் முக்கியமான ஒரு வாயிலுக்கு, வளர்ந்த எலியின் கீழறையில் ஏறக்குறைய வேலையே கிடையாது.

இந்த வேற்றுமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை; அதற்கு உயிர்களை விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கிறது. ஒவ்வாமைக்காக உலகெங்கும் விற்பனையான டெர்ஃபெனடின் என்ற மாத்திரை, நான் மேலே சொன்ன அந்தப் பொட்டாசிய வாயிலை அடைத்து, வேறு சில மருந்துகளோடு சேர்த்து உட்கொண்டவர்களின் இருதயத் தாளத்தை மரணம்வரை குலைத்தது. 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. அந்த வாயிலுக்கு வேலையே இல்லாத எலியில் எத்தனை முறை சோதித்தாலும் இந்த ஆபத்து புலப்படாது. அதன் பிறகே மனித இருதயத்துக்கென்று சமன்பாடுகள் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2011-இல் ஓஹாரா, ரூடி முதலியோர், ஹங்கேரி நாட்டில் நோயற்ற மனித இருதயங்கள் நூற்றுக்கும் அதிகமானவற்றிலிருந்து பெற்ற அளவீடுகளைக் கொண்டு ஒரு மாதிரியை அமைத்தார்கள். புதிய மருந்துகள் இருதயத் தாளத்தைக் கெடுக்குமா என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடுவதற்காக 2013-இல் தொடங்கிய சர்வதேச முயற்சி அந்த மாதிரியைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. இந்திய அரசும் 2023-இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, பிராணிகள் மீது நடத்தும் சோதனைகளுக்குப் பதிலாகக் கணினி முறைகளும் உயிரணு முறைகளும் ஏற்கப்படலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

ஜீவகாருண்யத்தை முதற்படியாக வைத்த வள்ளலார், எங்கள் பகுதியும் சேர்ந்திருந்த பழைய தென்னாற்காடு ஜில்லாவில் வாழ்ந்தவர். எனவே எலிகளின் துன்பத்தைக் குறைக்கும் இந்தத் திருத்தத்தை இங்கே வரவேற்காதவர் இருக்கமாட்டார். ஆயினும் உற்சாகத்தில் உண்மையை மறைத்துவிடக் கூடாது. கணினிக்குள் துடிக்கும் எலி இருதயத்தின் எண்களுக்கு ஆதாரம், எங்கோ நிஜப் பிராணிகளை அறுத்து அளந்து பெற்ற அளவீடுகள்தான். அளக்காத ஒன்றைக் கணினி தானாகக் கற்பித்துத் தராது. எலியை முற்றிலும் விடுவிக்கும் யந்திரம் வந்துவிட்டது என்று பேசுவோரை நான் நம்புவதில்லை. வேண்டாத பரிசோதனைகளை விலக்கவும், செய்ததற்குச் சரியான பொருள் காணவும் அது உதவும் என்பதே நியாயமான மதிப்பீடு.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள அளவின் வித்தியாசமே ஒரு நல்ல யுக்திக்கு வித்தானதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கரும்புத் தோட்டத்தில் சோகைக்கு வைத்த தீ முன்னோக்கியே போகும். எரிந்த இடம் மறுபடி எரியாது. இருதயத்தின் மின்னலையும் அப்படித்தான்: கடந்து வந்த தசை சிறிது நேரம் மீண்டும் தூண்டப்பட மறுக்கும். ஆனால் வழியில் ஒரு தடை ஏற்பட்டு அலை உடைந்துவிட்டால், அதன் நுனி சுருண்டு, தசை ஓய்விலிருந்து மீள மீள அங்கேயே சுற்றிச்சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. சுழல்கள் பலவாக உடையும்போது இருதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்குகிறது, நாலைந்து நிமிஷத்தில் உயிருக்கே ஆபத்து வந்துவிடுகிறது. இப்படிச் சுழல்வதற்குப் போதிய இடம் வேண்டும் என்பதை 1914-இலேயே காரி என்பவர், நடுங்கும் இருதயத் தசையைத் துண்டு துண்டாக வெட்டி, சிறு துண்டுகளில் நடுக்கம் நின்றுபோவதைக் காட்டி விளக்கினார். ஆகவே சுண்டெலியைப் போன்ற சிறு பிராணிகளின் இருதயத்தில் இந்த நடுக்கம் நிலைக்காது என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நம்பிவந்தார்கள். 1999-இல் ஹலீஃபேயின் குழுவினர் சுண்டெலியின் இருதயத்திலேயே சுழலலையையும் நடுக்கத்தையும் கண்டு படமெடுத்து, அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். சிறிய இருதயமானாலும் அதன் மின்துடிப்பும் குறுகியது. குறுகிய அலைக்குச் சிறிய இடமே போதுமானது.

இரண்டு வருஷங்களுக்குப் பின், 2001-இல், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராகுல் பண்டிட், அவருடன் சிதாப்ர சின்ஹா, அஷ்வின் பாண்டே ஆகியோர், காரியின் கத்தி செய்ததை மின்சாரத்தால் செய்துகாட்டினார்கள். நடுங்கும் இருதயத்தை நிலைக்குக் கொண்டுவர மார்பின்மீது பேரதிர்ச்சி கொடுப்பதே இன்றுவரை வழக்கம். அதற்குப் பதிலாக, தசையின்மேல் வலைபோன்ற கோடுகள் வழியே மட்டும் மென்மையான மின்துடிப்பைச் செலுத்தினால், அக்கோடுகள் தசையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துவிட, ஒவ்வொரு கட்டத்திலும் சுழல்வதற்கு இடமில்லாமல் அலைகள் தாமே அணைந்துவிடும் என்று அவர்கள் கணக்கில் நிரூபித்தார்கள். ஒருவகையில், நீண்ட அலை ஓடும் மனித இருதயத்தைக் கண நேரத்துக்கு மட்டும் எலி இருதய அளவுள்ள பல துண்டுகளாக ஆக்கிவிடும் தந்திரம் அது! சின்ஹா பிற்பாடு, 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்து, தரமணியில் இத்துறையில் மாணவர்களோடு பல ஆண்டுகள் உழைத்து, இத்தகைய அலைகளைப் பற்றி சிறீதர் என்பவருடன் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். ஆக, இந்தச் சாஸ்திரம் வெள்ளைக்காரர்களுக்கே உரியது என்று கையை விரிப்பதற்கு இடமில்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் அது நடக்கிறது.

இப்பொழுது அரளிக்கு வருவோம். உயிரணுவுக்குள் நுழைந்த சோடியத்தை ஓயாது வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு பம்பு சவ்வில் உண்டு. அரளியின் நஞ்சு அந்தப் பம்பைப் பிடித்து நிறுத்துகிறது. வெளியேறாத சோடியம் உள்ளே சேர, அதன் விளைவாகக் கால்சியமும் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்செய்தி தாமதப்பட்டு, சில சமயம் அடியோடு தடைப்பட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785-இல் எழுதிவைத்த டிஜிட்டாலிஸ் செடியின் மருந்தும் இதே பம்பைத்தான் பிடிக்கிறது, அளவாகக் கொடுத்தால் மருந்து, மீறினால் நஞ்சு. எலியின் பம்போ இந்த வகை நஞ்சுகளுக்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் புரதத்தில் இரண்டே இடங்களில் உள்ள மாறுதல்தான் இந்தப் பாதுகாப்புக்குக் காரணம் என்று பிரைஸ், லிங்ரெல் என்ற இருவர் 1988-இல் கண்டுபிடித்தார்கள். எலிக்கும் நமக்கும் உயிர் விஷயத்தில் உள்ள தூரம், இந்த ஒரு சங்கதியில், இரண்டு எழுத்துத் தூரமே.

ஒரு கணித மாதிரியின் அருமை இங்கேதான் தெரிகிறது. நிஜ எலியின் பம்பை மாற்றுவதற்கு வருஷக்கணக்கான மரபணு வேலை வேண்டும். சமன்பாட்டில் மாற்றுவதற்கு ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். எலியின் எண்ணை எடுத்துவிட்டு மனிதனுடைய எண்ணை இட்டு, பம்பு கால்வாசி நின்றால் என்ன, அரைவாசி நின்றால் என்ன, பொட்டாசியம் இவ்வளவு ஏறியபின் அட்ரோபின் மருந்து கொடுத்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப்பார்க்கலாம். ஆனால் கிடைத்த விடை சரிதானா என்று உரைத்துப் பார்க்க ஒரு கல் வேண்டுமே! அந்த உரைகல் ஹங்கேரி நாட்டு இருதயங்களில் இல்லை. அங்கே அரளி விஷத்தோடு யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. பஃபலோ நகரத்து எலிகளிலும் இல்லை என்பதை மேலே கண்டோம். அது தமிழ்நாட்டிலும் வட இலங்கையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில், நோயாளியின் கட்டிலில் செருகிய ஈ.சி.ஜி. தாள்களில் இருக்கிறது.

அந்தத் தாள்களின் கதி என்ன என்பதைச் சொல்லவே இவ்வளவு தூரம் சுற்றிவந்தேன். ஈ.சி.ஜி. யந்திரங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, சூட்டினால் கோடு விழும் ஒருவகைத் தாள். வெயிலிலும் வெக்கையிலும் சில வருஷம் கிடந்தால் கோடுகள் மங்கிப்போய் வெற்றுத் தாளாகிவிடும். நோயாளி பிழைத்து வீடு திரும்பினால் தாள் அவரோடு போய்விடுகிறது. பிழைக்காவிட்டால் போலீஸ் காகிதங்களோடு சேர்ந்து ஒரு கட்டுக்குள் போய்விடுகிறது. விபரீதம் அறியாமல் காயைக் கடித்த குழந்தையாயினும், மனம் உடைந்த ஒரு நாழிகையில் தன்னை மறந்தவராயினும், அவருடைய இருதயம் அந்த நஞ்சோடு மணிக்கணக்காகப் போராடியதன் சரித்திரம் அந்தக் கோடுகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அந்தச் சரித்திரத்தை நாம் மங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று; 2022 ஜனவரியில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இங்கே வந்தது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும், கீழே நெல்லும் கரும்பும் விளைவிக்கும் ஊர்களுக்கும் ஆபத்துக் காலத்தில் இப்போது பெரிய புகலிடம் அதுதான். மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே வைத்தியம் மட்டும் நடந்தால் போதும், ஆராய்ச்சி சென்னையிலும் வேலூரிலும் நடந்துகொள்ளட்டும் என்ற ஒரு மனப்பான்மை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சுண்டெலிகளை வளர்க்கும் கூடம் கட்டப் பெரும் பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். அது இங்கே இன்று சாத்தியமில்லை, வேண்டியதும் இல்லை. சமன்பாட்டு எலிக்குத் தீனி வேண்டாம். எலியின் கணித மாதிரியும் மனிதனின் மாதிரியும் உலகுக்குத் திறந்தே வைக்கப்பட்டிருக்கின்றன; கலைக் கல்லூரியில் கணிதமோ பௌதிகமோ படிக்கும் ஒரு கெட்டிக்கார மாணவன் சாதாரணக் கணினியில் ஒற்றை உயிரணுவைத் துடிக்கவைத்துவிடலாம்.

இதைக் கேட்டுச் சிலர் கோபித்துக்கொள்ளக் கூடும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் இது. மலைக் கிராமங்களில் பாதை இல்லாமல் நோயாளியைத் தூக்கிவருகிற அவலம் இன்னும் தீரவில்லை. இங்கே எலியும் கணினியும் ஒரு கேடா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பாதை முதலில் வேண்டும், மறுப்பில்லை. ஒரு சமன்பாடு எந்த மலைப்பாதையையும் போட்டுவிடாது. ஆனால் நஞ்சு உண்டவர்கள் திரளாக வந்து சேர்ந்த அந்த நாட்களே, விஷத்தால் வரும் வியாதியைப் பற்றி எங்கள் மாவட்டத்தைவிட அதிகமாக யோசிக்க வேண்டிய இடம் வேறு இல்லை என்பதையும் காட்டவில்லையா? அரளிக்கு முறிமருந்து உண்டு. இலங்கையில் நடந்த பரிசோதனையில் அது தாளம் கெட்ட இருதயத்தை விரைவில் நிலைக்குக் கொண்டுவந்தது என்ற செய்தி 2000-இலேயே லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று. விலையோ ஏழை நாட்டு மருத்துவமனைகளின் கைக்கு எட்டாதது. முறிமருந்து இல்லாத இடத்தில், எந்த நோயாளிக்கு அட்ரோபின் போதும், எவருக்குத் தற்காலிகமாகப் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், எவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும் என்று முதல் ஈ.சி.ஜி.யைப் பார்த்தே ஊகிக்க முடிந்தால், அது கல்வராயன் மலையிலிருந்து தூக்கிவரப்பட்டவருக்கே முதலில் உபயோகப்படும். எனக்கு இதைவிட நடைமுறைக்கு நெருக்கமான ஆராய்ச்சி எதுவும் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஈ.சி.ஜி.யைச் சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி மாரடைப்புக்கு உடனடி சிகிச்சை தரும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் ஏற்கனவே நடத்திக்காட்டி, 2017-இல் அதன் பயனையும் பிரசுரித்திருக்கிறார்கள். ஆகவே தாளைப் படமெடுத்துச் சேமிக்கும் வித்தை நமக்குப் புதிதன்று. அரளி நஞ்சோடு வரும் ஒவ்வொருவரின் தாளையும் எடுத்த உடனே படமெடுத்து, பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு ஓர் எண்ணை மட்டும் இட்டு, மாவட்ட மருத்துவக் கல்லூரிகள் பொதுவான ஒரு களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். அதைத் தரமணியிலும் பெங்களூரிலும் உள்ள கணிதக்காரர்களுக்குத் திறந்துவிட வேண்டும். பெயரை நீக்குவதில் துளியும் அலட்சியம் கூடாது: சிறிய ஊரில் ஒரு பெண் விஷம் உண்டாள் என்ற செய்தி வெளியே தெரிந்தால், பிழைத்தபின் அவள் படும் பாடு நஞ்சைவிடக் கொடியதாகிவிடும். வெறும் கோடுகளும் போதா. நஞ்சு உட்சென்று எத்தனை மணி நேரத்தில் நோயாளி வந்தார், வந்தபோது இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, எந்த மருந்து எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, தாளம் எப்போது திரும்பியது என்ற நான்கு விவரங்களும் தாளின் ஓரத்திலேயே பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத ஈ.சி.ஜி.யைக் கொண்டு எந்தச் சமன்பாட்டையும் உரைத்துப் பார்க்க முடியாது. இனி வரப்போகிற தாள்களுக்கு அரசாணையும் குழுவும் அமைத்து நிதானமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஏற்கனவே கட்டுகளுக்குள் மங்கிக்கொண்டிருப்பவற்றை இந்தக் கோடை வருவதற்குள் படமெடுத்துவிட வேண்டும்.